மைக் வாங்கும் முன் அறையைக் கேளுங்கள்

திருப்பதி வட்டாரத்துப் பிச்சாட்டூரில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவன் என்று தெரிந்ததும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, பத்தாயிரத்துக்குள்ள நல்ல கண்டென்சர் மைக் எது?" நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். "எந்த ரூம்ல வெச்சுப் பாடப் போறீங்க? யார் பாடப் போறாங்க?" இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மைக்கின் பெயர் ஏறக்குறைய தானாகவே வந்து நிற்கும். இத்தனை காலம் இந்த வேலை எனக்குச் சொல்லித்தந்தது இதைத்தான்.

கண்டென்சர் மைக்கின் உள்ளே தங்கம் பூசிய மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதன் தடிமன் சில மைக்ரான்தான். அதன் பின்னால் ஓர் உலோகத் தகடு. ஒலி பட்டுப் படலம் அசையும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள மின்தேக்கம் மாறுகிறது. அந்த மாற்றமே ஒலிக்குறியாகிறது. அமெரிக்காவில் இ. சி. வென்டே 1916இல் இதைச் செய்துகாட்டினார். ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் யூ 47 மைக்கைக் கொண்டுவந்த 1949 தொடங்கி, பெரிய ஸ்டூடியோக்களின் குரல் மைக் என்றால் இந்த வகைதான் என்று ஆகிவிட்டது. 1962இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் எலக்ட்ரெட் படல மைக்கைக் கண்டுபிடித்தார்கள். அதில் மின்னூட்டம் பொருளுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும். நம் கைக்கு எட்டும் விலையில் கண்டென்சர் மைக் கிடைப்பதற்கு அந்த இருவருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அசைவதற்கு அவ்வளவு லேசான படலம், பாடகரின் மூச்சு, நாக்கின் அசைவு, மிருதங்கத் தோலில் விரல் உரசுவது எல்லாவற்றையும் பிடித்துவிடும். அதே கூர்மையோடு சீலிங் ஃபேனையும், புத்தூருக்கும் ஊத்துக்கோட்டைக்கும் நடுவே ஓடும் லாரியையும், கோயில் ஒலிபெருக்கியையும் பிடிக்கும். அதனால் அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மைக் பெட்டியில் 'செல்ஃப் நாய்ஸ்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மைக் தானாக எழுப்பும் இரைச்சலின் அளவு அது. ரோட் என்டி1-ஏ மைக்குக்கு 5 டெசிபல். ஆடியோ டெக்னிகா ஏடி2020க்கு 20 டெசிபல். இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு கடை வாசலில் மணிக்கணக்கில் வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஃபேன் ஓடும் நம் வீட்டு அறையின் சத்தம் 40 டெசிபலுக்குக் குறைவது அரிது. 40 டெசிபல் இரைச்சலுக்கு அடியில் 5 இருந்தாலும் 20 இருந்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. நடுராத்திரியில் ஃபேனை நிறுத்திவிட்டுத் தாலாட்டோ, மெல்லிய குரலில் கதையோ பதிவு செய்கிறவருக்கு அந்த எண் பெரிய விஷயம். அவர் கூடுதல் பணம் கொடுக்கட்டும். பகலில் பஜனைப் பாட்டு பதிவு செய்கிறவர் அந்தப் பணத்தைப் பஞ்சு மெத்தையில் போடலாம்.

மெத்தை என்று சொன்னது சும்மா இல்லை. நம் வீடுகள் காங்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, சிமெண்ட் சுவர். குரல் எங்கும் மோதித் திரும்புகிறது. பெரும்பாலானவர்கள் மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் ஃபோம் ஒட்டுகிறார்கள். ஆனால் முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கின் முகம் பாடுகிறவரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே மெத்தையும் கனமான ஜமக்காளமும் பாடுகிறவரின் முதுகுப் பக்கம் தொங்க வேண்டும். சுவரில் ஒட்டும் முட்டை அட்டை வெறும் அலங்காரம்தான்.

கார்டியாய்டின் முதுகுப்புறம் அதிகம் கேட்காத பக்கம். ஆந்திராவின் மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு முழுப் பாட்டைப் பாடச் சொல்வது கொடுமை. எனவே மைக்கை வாய்க்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி, முகத்தைக் கீழே சாய்த்து, முதுகு மேலே ஃபேனைப் பார்க்கும்படி வைப்பேன். பிறகு தூரம். மைக்கிலிருந்து 60 சென்டிமீட்டரில் நின்று பாடுகிறவரை 15 சென்டிமீட்டருக்கு அழைத்துவந்தால், அறையின் சத்தத்தோடு ஒப்பிடும்போது குரல் ஏறக்குறைய 12 டெசிபல் உயர்ந்துவிடும். எந்த விலை மைக்குக்கு மாறினாலும் இவ்வளவு பெரிய மாற்றம் கிடைக்காது. கிட்டே வந்தால் 'ப' எழுத்து வெடிக்கும். அதற்கு ஒரு பாப் ஃபில்டர் போதும்.

அடுத்தது குரல். விலை குறைந்த மைக்குகள் பலவற்றில் ஒரே ஒரு வம்சாவளி ஓடுகிறது. நாய்மன் 1960இல் கொண்டுவந்த யூ 67 மைக்கின் கே 67 கேப்ஸ்யூலை, அதாவது படலமும் தகடும் சேர்ந்த பகுதியை, பார்த்துச் செய்தவை அவை. அந்தக் கேப்ஸ்யூல் இயல்பிலேயே மேல்ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கும். நாய்மன் தன் மின்சுற்றில் அதைத் தணித்துச் சமன் செய்தது. நகலெடுத்தவர்களில் பலர் கேப்ஸ்யூலை எடுத்துக்கொண்டு, தணிக்கும் சுற்றை விட்டுவிட்டார்கள். மலிவு மைக்கில் கேட்கும் அந்தப் பளபளப்புக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கடையில் ஐந்து நிமிடம் கேட்டால் 'ஆஹா, எவ்வளவு தெளிவு' என்று தோன்றும். ஸ்ரீநிவாசன் பெயரே மூச்சாக ஓடும் இந்தத் திருப்பதி வட்டாரத்துப் பாட்டை அதில் பதிவு செய்துபாருங்கள். ஒவ்வொரு 'ஸ்ரீ'யும் காதில் கிழிக்கும்.

தெருக்கூத்துக் கலைஞர்களுக்கு இது இன்னும் முக்கியம். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை, முகவீணையின் ஊசி போன்ற நாதம் இரண்டுக்கும் பளபளப்பு மைக் பொருந்தவே பொருந்தாது. சற்று மந்தமாக, சமமாகக் கேட்கும் மைக்கைத்தான் அவர்கள் முன் வைக்க வேண்டும். மைக் தாங்காது என்ற பயம் வேண்டாம். ஏடி2020 கூட 144 டெசிபல் வரை தாங்கும். ஒலி உடைவது மைக்கில் இல்லை, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் திருகிவைத்த கெயினில். உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12ஐத் தொடும்படி குறைத்துவைத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள்.

மைக்கைச் சோதிக்கக் கடைக்காரர் காட்டும் ஆங்கிலப் பாட்டு உதவாது. 'சரஸ்வதி', 'புஷ்பம்', 'பம்பரம்', 'வாழைப்பழம்' என்று உங்கள் குரலில் பேசிப் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள். உங்கள் அம்மாவின் குரல், தெலுங்கு பேசும் நண்பரின் குரல், ஒரு சிறுமியின் குரல் என்று மாற்றிக் கேளுங்கள். அடுத்த நாள் காலையில் இன்னொரு முறை கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ ஓரிரு ஆயிரத்துக்குக் கிடைக்கும் பிஎம்-800 வகைகளில், பெரிய கூட்டுக்குள் சின்ன எலக்ட்ரெட் குமிழ்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். படிக்கவும் பழகவும் அது போதும். பணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்யும் வேலைக்குப் போதாது.

மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல கண்டென்சர் மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் பேண்டம் பவர் போக வேண்டும். பதிவில் 'ம்ம்' என்று ஒரு ரீங்காரம் ஓடினால் மைக்கைக் குறை சொல்வதற்கு முன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்; பிளக்கின் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் கேப்ஸ்யூல் சடசடக்கும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிவையுங்கள்.

கோடம்பாக்கத்தில் ஏ. ஆர். ரஹ்மான் தன் வீட்டை ஒட்டி அமைத்த ஸ்டூடியோவில்தான் 1992இல் வந்த 'ரோஜா'வின் பாடல்கள் உருவாயின. வீட்டில் பதிவு செய்வது இரண்டாந்தர வேலை என்ற எண்ணத்துக்கு அதோடு முற்றுப்புள்ளி விழுந்துவிட்டது. நம் பகுதியில் கூத்தும் ஹரிகதையும் பஜனையும் தமிழிலும் தெலுங்கிலும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றைப் பாடுகிறவர்களில் பலர் வயதானவர்கள். சென்னைக்குப் போய் ஸ்டூடியோ வாடகை கட்ட அவர்களால் முடியாது. நம் வீட்டு அறைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார அவர்களால் முடியும்.

ஆகவே பட்ஜெட் போடும்போது மைக்குக்குப் பாதிக்கு மேல் ஒதுக்காதீர்கள். மிச்சத்தில் இன்டர்ஃபேஸ், உறுதியான ஸ்டாண்ட், பாப் ஃபில்டர், மெத்தை வாங்குங்கள். முதலில் அறையில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து என்னென்ன கேட்கிறது என்று எழுதுங்கள். பாட வருகிறவரின் குரலைக் கண்ணை மூடிக் கேளுங்கள். அதற்குப் பிறகு எந்த மைக் என்று என்னிடம் கேட்கத் தேவையிருக்காது.