ஈருறுப்புக் குறிகள்

கூட்டற்குறியை அறியாத மாணாக்கர் ஒருவரும் இலர். ஆயினும், அச்சிறு குறியைக் கணிப்பொறிக்கு உணர்த்துதல் எத்துணை நுண்ணிய தொழில் என்பதனை, நாம் எழுதும் நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றும் தொகுப்பி ஒன்றைச் சிறிய அளவில் இயற்றப் புகுந்தபொழுதே யாம் நன்கு உணர்ந்தோம்.

கூட்டல், கழித்தல் முதலியன இடத்தே ஒன்றும் வலத்தே ஒன்றுமாக ஈருறுப்புக்களை வேண்டி நிற்பன. ஆதலின் ஈருறுப்புக் குறிகள் எனப்படும். 2 + 3 × 4 என்பதைக் கண்டதும் நாம் பெருக்கலை முதற்கண் செய்து 14 என்போம். பொறியோ எழுத்துக்களின் வரிசையை மட்டுமே காணும். ஆகவே தொகுப்பி அவ்வரிசையைத் தலைகீழாய் நிற்கும் மரமாக ஆக்குகின்றது. உச்சியில் கூட்டற்குறி, அதன் இடக்கிளையில் 2, வலக்கிளையில் பெருக்கற்குறி, அதன்கீழ் 3, 4 என்னும் இரண்டு இலைகள். மரம் அமைந்தபின் அடைப்புக்குறிகட்கு வேலை இல்லை. முன்பின் முறையை வடிவமே காட்டும். குறியை எண்கட்கு முன்னே எழுதின் அடைப்பு வேண்டா என்பதைப் போலந்து நாட்டு அளவைநூற் பேரறிஞர் லுக்காசியேவிச் 1924-இலேயே கண்டனர்.

இனி, ஒவ்வொரு குறிக்கும் தனித்தனிக் கணுவகை வேண்டுமோ? அன்றி ஒரே வகைக் கணுவில் குறியின் பெயரை மட்டும் பொறித்தல் அமையுமோ? எம் குழுவினர் இதுபற்றிப் பன்னாள் வழக்கிட்டனர். ஒரே வகையாயின், மரத்தை நடந்து பார்க்கும் பகுதியை ஒருமுறை எழுதினாற் போதும். புதுக்குறி வரின் ஒரு பெயரே கூடும். எண்கணிதக் குறிகள் அனைத்திற்கும் அதுவே தக்கதென யாம் துணிந்தோம்.

ஆயினும் 'மேலும்' என்னும் அளவைக்குறி வேறோர் இயல்பினது. "ந சுழியன்று, மேலும், த ÷ ந என்பது 5-இனும் பெரிது" என்னும் நிபந்தனையை நோக்குக. இடப்புறம் பொய்யாயின் வலப்புறத்தைத் தீண்டலே ஆகாது. கூட்டலைப் போல் இருபுறமும் முன்னரே கணிப்பின், சுழியால் வகுக்க நேர்ந்து நிரல் இடையிலேயே முறிந்துவிடும். பைத்தான் மொழியின் மரத்தில் எண்கணிதக் குறிகள் ஒரு வகைக் கணு, அளவைக்குறிகள் பிறிதொன்று, ஒப்பீடுகள் மூன்றாவது. சி மொழிக்குரிய கிளாங் தொகுப்பியோ இவை யாவற்றையும் ஒரே வகைக் கணுவில் அடக்கி, பொறிக்கட்டளை இயற்றுங்கால் வேறுபடுத்துகின்றது. இருவழியும் செல்லும் வழியே. வேற்றுமையை எவ்விடத்தேனும் காத்தல் வேண்டும் என்பதே கருத்து. யாம் முன்னைய வழியைக் கைக்கொண்டோம். தோற்றத்தில் ஒத்தன யாவும் தொழிலிலும் ஒத்தன அல்ல.

இதனைப் படிக்கும் நண்பர்கள் ஒரு தாளில் 8 − 3 − 2 என்பதற்கு மரம் வரைந்து காண்க. கிளை இடப்புறம் தாழின் விடை 3; வலப்புறம் தாழின் 7. எழுத்து ஒன்றே, மரம் இரண்டு. எம்மரம் நாம் கருதியது என்பதைத் தவறாது உரைப்பதே தொகுப்பி இயற்றுவோன் கடன்.