பதில் அனுப்ப வேண்டாம்

"இது தானியங்கி மின்னஞ்சல். இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்." இந்த வரியைப் பார்க்காதவர் இன்று யாரும் இருக்க முடியாது. வங்கி அனுப்புகிறது, ரயில்வே அனுப்புகிறது, மின்வாரியம் அனுப்புகிறது. அனுப்பிவிட்டுப் போகட்டும். ஒரு மருத்துவமனை இப்படி எழுதலாமா என்பதுதான் மூன்று மாதமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனை இருக்கிறது. பெயர் வேண்டாம். நோயாளிகளின் பதிவேடு அங்கே கணினிக்கு மாறிச் சில வருடம் ஆகிறது. ஆனால் பதிவேடு மருத்துவமனைச் சுவருக்குள்ளேயே இருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க மறுபடியும் பஸ் ஏறி வரவேண்டும். மகன் மஸ்கட்டில், மகள் சென்னையில் என்று இருக்கிற குடும்பங்கள் "ரிப்போர்ட்டை மெயில்ல அனுப்பக் கூடாதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் பதிவேட்டிலிருந்து வெளியே மின்னஞ்சல் போக வழி செய்தார்கள். நான்கு மாதம் ஆங்கிலத்தில் போனது. பிறகு தமிழிலும் வேண்டும் என்று முடிவாகி, கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் என் பழைய மாணவி வீட்டுக்கு வந்தாள். "சார், பத்து வரிதான். நீங்க எழுதிக் கொடுத்தா நல்லா இருக்கும்."

பத்து வரிக்கு மூன்று மாதம் ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எழுதிக் கொடுத்தேன். சோதனைக்காக எனக்கே அனுப்பினாள். கடிதத்தின் தலைப்பு வரி முழுக்கக் கேள்விக்குறி. முப்பது வருடம் தமிழ் நடத்தியவனுக்கு வந்த முதல் தமிழ்க் கடிதத்தில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை! காரணத்தை அவள்தான் விளக்கினாள். மின்னஞ்சலைக் கொண்டுபோகும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அப்போது அது சுமந்தது வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் குறியும்தான். மற்ற மொழிகளுக்கும் படங்களுக்கும் 1992-இல் 'மைம்' என்ற ஏற்பாடு வந்தது. அதன்படி நம் எழுத்துகளை ஆங்கில எழுத்து வேஷம் போட்டு அனுப்பி, அந்தப் பக்கம் வேஷத்தைக் கலைக்க வேண்டும். 'அம்மா' என்ற சொல்லைக் கணினி ஐந்து குறிகளாகப் பார்க்கிறது: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15. வேஷம் கட்டியதும் அது 20 ஆங்கிலக் குறிகளாகிறது. உடலுக்கு வேஷம் போட்டவர்கள் தலைப்புக்குப் போட மறந்திருந்தார்கள். ஒரே நாளில் சரியானது. எனக்கோ ஆர்வம் பிடித்துக்கொண்டது. 'வேறென்ன இருக்கிறது' என்று கேட்க ஆரம்பித்தேன்.

கடிதம் வெளியே போவதே லேசான காரியம் இல்லை. மருத்துவமனையின் இணைய இணைப்பிலிருந்து நேராக அனுப்பப் பார்த்திருக்கிறார்கள். மின்னஞ்சல் கணினிகள் தங்களுக்குள் பேசும் வாசல் எண் 25. குப்பை அஞ்சலுக்குப் பயந்து, சாதாரண இணைப்புகளில் அந்த வாசலை இணைய நிறுவனங்கள் பெரும்பாலும் அடைத்து வைத்திருக்கின்றன. ஆகவே ஓர் இடைநிலை அஞ்சல் சேவையை ஏற்பாடு செய்து, வாசல் 587 வழியாகக் கடவுச்சொல் காட்டி உள்ளே போய், அங்கிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பாதிக் கடிதங்கள் ஸ்பேமில் விழுந்தன.

ஏனென்றால் மின்னஞ்சலில் 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். அஞ்சலட்டையில் கலெக்டர் பெயரை எழுதிப் போடுவது போல. அதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள். எஸ்பிஎஃப் என்பது வாசலில் ஒட்டிய அறிவிப்பு: எங்கள் பெயரில் கடிதம் போட இன்னின்ன கணினிக்குத்தான் அனுமதி. டிகிம் என்பது அரக்கு முத்திரை. வழியில் யாராவது கடிதத்தைத் திருத்தினால் உடைந்துவிடும். டிமார்க் என்பது, இவை இரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்யலாம் என்று பெறுபவருக்குச் சொல்லும் குறிப்பு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் தனக்குக் கடிதம் அனுப்பும் யாராக இருந்தாலும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும் என்கிறது. இவர்கள் மூன்றையும் செய்தார்கள். கடிதங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர ஆரம்பித்தன.

போய்ச் சேர்ந்ததாக நினைத்தார்கள் என்று சொல்வதுதான் சரி. பதிவேட்டில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் பக்கத்தில் பச்சை நிறத்தில் 'அனுப்பப்பட்டது' என்று வரும். அதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். அந்த இடைநிலைக் கணினி 250 என்ற எண்ணைச் சொல்லிவிட்டது என்று பொருளாம். 250 என்றால் 'வாங்கிக்கொண்டேன்'. அவ்வளவுதான். அதாவது தபால் பெட்டியில் போட்டாயிற்று. அடுத்த ஊரில் 'அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை' என்று சொன்னால் அது 550. 4-இல் தொடங்கும் எண் வந்தால் 'அப்புறம் வா' என்று பொருள். நான்கைந்து நாள்கூட முயன்று பார்த்துவிட்டுக் கைவிடும். இந்தத் தோல்விச் செய்தியெல்லாம் திரும்பி, அனுப்பிய முகவரிக்கு வரும். பச்சை எழுத்து பச்சையாகவே இருக்கும்.

"திரும்பி வர்ற கடிதத்தை யார் பார்க்கிறாங்க?"

"அது நோ-ரிப்ளை முகவரி சார். யாரும் பார்க்கிறதில்ல."

"பெட்டி இருக்கா?"

"இருக்கு."

"திற, பார்ப்போம்."

அறுநூறுக்கு மேல் இருந்தன. பெரும்பாலும் திரும்பி வந்தவை. முகவரியில் புள்ளி விட்டது, ஓர் எழுத்து மாறியது, 'காம்' என்பதற்குப் பதில் 'கான்' என்று எழுதியது. அத்தனை பேருக்கும் பதிவேட்டில் 'அனுப்பப்பட்டது' என்றே இருந்தது. மிச்சம் எண்பத்துச் சொச்சம் மனிதர்கள் எழுதியவை. பதில் அனுப்ப வேண்டாம் என்று அச்சடித்துச் சொல்லியும் எழுதியிருக்கிறார்கள்! பாதிக்கு மேல் 'நன்றி டாக்டர்'. இயந்திரத்துக்கு நன்றி சொல்லியிருக்கிறார்களே என்று சிரித்தோம். அடுத்த இரண்டைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒன்று மஸ்கட்டிலிருந்து ஒரு மகன் எழுதியது. அப்பா சிறுநீரக நோயாளி, ஊரில் தனியாக இருப்பவர். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 6.1 என்று தடித்த எழுத்தில் இருந்திருக்கிறது. பொதுவாக 5-க்குள் இருக்க வேண்டியது. மிகவும் ஏறினால் இதயத் துடிப்பையே கெடுக்கும். 'அப்பா தினமும் இளநீர் குடிக்கிறார், நிறுத்தச் சொல்லவா?' என்று கேட்டிருந்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சரியான கேள்வி. மறுநாள் இன்னொரு கடிதம். நான்காம் நாள் ஒரே வரி: 'யாராவது பதில் போடுங்கள்.' பதறிப்போய்ப் பதிவேட்டைப் பார்த்தோம். நல்லவேளை, ஆய்வகத்துக்காரர்கள் பழைய வழக்கப்படி அன்று மாலையே டாக்டருக்குப் போன் பண்ணி, அவரும் பெரியவரை வரவழைத்து மருந்து கொடுத்திருக்கிறார். பெரியவர் நன்றாக இருக்கிறார். ஆனால் மகனிடம் அவர் 'ஒண்ணுமில்லப்பா' என்று மட்டும் சொல்லியிருப்பார். நம் அப்பாக்கள் வேறென்ன சொல்வார்கள்?

இன்னொன்று யாரோ ஒரு பெண். நோயாளியே அல்ல. 'நீங்கள் அனுப்பும் ரிப்போர்ட் என்னுடையது அல்ல. வேறொருவருடைய அந்தரங்கம் எனக்கு வருகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.' மூன்று முறை எழுதியிருந்தார், மூன்று முறையும் மரியாதையாக. முகவரியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த முகவரி உண்மையில் இருந்ததால் 550-உம் வரவில்லை. எந்தச் சோதனை என்று நான் சொல்லப்போவதில்லை. ஊருக்குள் தெரிந்தால் ஒரு குடும்பம் தலைகுனியும் என்பது மட்டும் போதும்.

இந்த நேரத்தில்தான் மாணவி ஒரு தகவல் சொன்னாள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில் 'விஸ்டா' என்று ஒரு பதிவேட்டு அமைப்பு. 1980-களிலேயே அதற்குள் 'மெயில்மேன்' என்று அஞ்சல் வசதி உண்டு. அதில் போஸ்ட்மாஸ்டரும் ஒரு பயனாளி, தனிப் பெட்டியோடு. அவருடைய வரிசை எண் 0.5. அரை ஆள்! அரை ஆளாக இருந்தாலும் ஆள் உண்டு பாருங்கள். அந்தப் பெட்டியை ஒரு மனிதர் திறந்து பார்த்தாக வேண்டும். விஸ்டாவில் மட்டுமல்ல, 1982-இல் வந்த மின்னஞ்சல் விதியிலேயே ஒவ்வோர் இடத்திலும் 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே யார் பெயரும் தெரியாதவன்கூட எழுதுவதற்கு ஒரு முகவரி வேண்டும் என்பதற்காக.

நிர்வாகியிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. ஆள் பற்றாக்குறை. "வர்ற மெயிலைத் தானா நோயாளியோட ஃபைல்ல சேர்த்திடலாமே, எதுக்கு ஆள்?" என்றார். கூடாது என்று மாணவி உறுதியாக நின்றாள். வகுப்பில் வாய் திறக்காத பெண்! எங்கள் பெயரில் பிறர் எழுதுவதைத்தான் எங்கள் முத்திரை தடுக்கும். வருகிற கடிதத்தை நோயாளிதான் எழுதினாரா என்பதற்கு அதில் உத்தரவாதம் கிடையாது. மகன் கணக்கிலிருந்து அப்பா எழுதுவார், ஒரே முகவரியை வீட்டில் நான்கு பேர் கொடுத்திருப்பார்கள். தப்பான ஆளின் பதிவேட்டில் 'எனக்குப் பென்சிலின் ஒவ்வாது' என்ற வரி ஏறினால் என்ன ஆகும்? இணைப்பில் வரும் கோப்பு இன்னொரு ஆபத்து. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, வாரக்கணக்கில் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள் என்பதை அவள் நினைவூட்டியதும் நிர்வாகி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முடிவில் இப்படி ஆனது. ரிப்போர்ட் மின்னஞ்சலில் போகாது; 'முடிவு தயார்' என்ற செய்தியும் ஓர் இணைப்பும் மட்டும் போகும். திறக்கக் கைபேசிக்கு ஓடிபி வரும். (பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எங்கள் ஊரில் ஒருவர் பிறந்த தேதி பாதி ஊருக்குத் தெரியும்.) பதிவு செய்யும்போதே முகவரிக்கு ஒரு கடிதம் போகும்; அதில் 'ஆம், என்னுடையதுதான்' என்று அழுத்தினால்தான் அந்த முகவரி உயிர்பெறும். திரும்பி வந்த கடிதம் பச்சையைச் சிவப்பாக்கும். வரும் கடிதங்கள் பதிவேடு இல்லாத ஒரு தனிக் கணினியில் இறங்கும். வரவேற்பில் இருக்கும் இருவர் முறை வைத்துக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பார்ப்பார்கள். நோயாளி எண்ணையும் பிறந்த ஆண்டையும் போனில் சரிபார்த்த பிறகே பதிவேட்டில் சேர்ப்பார்கள்.

இடையில் ஒரு கூத்து. 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று தானாகப் பதில் போக ஏற்பாடு செய்தார்கள். ஒரு நோயாளியின் அலுவலக முகவரியிலிருந்து 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்று அதுவும் தானாகப் பதில் சொன்னது. இதற்கு அது, அதற்கு இது. விடிவதற்குள் முந்நூறு கடிதம். இரண்டு இயந்திரமும் இரவு முழுக்க 'வணக்கம் வணக்கம்' என்று கும்பிட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன, கல்யாண வீட்டு வாசலில் நிற்கும் சம்பந்திகள் மாதிரி. தானியங்கிக் கடிதத்தில் அதைக் காட்டும் ஒரு குறிப்பு வரி சேர்க்க வேண்டும், அந்த வரி உள்ள கடிதத்துக்குப் பதில் போடக் கூடாது. இதற்கும் விதி எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் பத்து வரியில் கடைசி வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. 'விரைவில் பதிலளிப்போம்' என்று முதலில் எழுதியிருந்தேன். விரைவு என்றால் எவ்வளவு என்று வரவேற்பில் இருக்கும் அந்தப் பெண்ணே கேட்டாள். அவள்தானே பதில் சொல்ல வேண்டியவள். அவளும் நானும் உட்கார்ந்து மாற்றியது இது:

"இந்தக் கடிதத்துக்கு நீங்கள் பதில் எழுதலாம். காலை 8 முதல் இரவு 8 மணி வரை எங்கள் ஊழியர் ஒருவர் படிப்பார். அந்த நேரத்தில் வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் வரும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம் என்றால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்."

மஸ்கட் மகனுக்கு டாக்டரே போன் செய்தார். அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கடிதத்தை நிர்வாகி பெயரில் நான் எழுதிக் கொடுத்தேன், தனியங்கியில் இல்லாமல் வரவேற்புப் பெண் தன் கையாலேயே தட்டி அனுப்பினாள். நோயாளிக்கும் தகவல் சொல்லியாக வேண்டும் என்று டாக்டர் பிடிவாதமாக இருந்தார். அவரே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அது என்ன பேச்சு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அதனால் கடிதத்தில் 'ஞாயிறு விடுமுறை' என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. திங்கட்கிழமை மறுபடி நிர்வாகியைப் பார்க்கப் போகிறேன்.