நூறு சதவீதத்தின் கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் நான் ஃபெயில் போட்ட பையன்களை அவர்கள் நன்மைக்காகப் போடவில்லை. பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையக் கூடாது என்பதற்காகப் போட்டேன். கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்றாயிற்று. இனி இதைச் சொல்வதால் எனக்கு நட்டமில்லை. அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாம் வகுப்பு விடைத்தாளை வேறு யாரோ திருத்துவார்கள். எட்டு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். எனவே வடிகட்ட எங்களுக்குக் கிடைத்த இடம் ஒன்பதுதான். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் 'தேறமாட்டான்' என்று ஒரு பட்டியல் போடுவோம். பிறகு பெற்றோரை வரவழைத்துப் பேரம். "டி.சி. வாங்கிக்கிறதா இருந்தா பாஸ் போட்டுத் தர்றோம்மா. இங்கயே படிக்கணும்னா இன்னொரு வருஷம் ஒன்பதாவதுதான்." சூளை வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்த ஓர் அம்மா, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க சார்" என்றார். நான் பார்த்ததோ ரிசல்ட் அன்று பள்ளி வாசலில் கட்டப்போகும் ஃபிளெக்ஸை.

அவர் மகன் மறுபடி அதே வகுப்பில் உட்கார்ந்தான். அதே புத்தகம், அதே காரணிப்படுத்தல், அதே நான். ஒருநாள் எரிச்சலில் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, 403-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னேன். 375 என்று எழுதினான். ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருந்தான். கடன் வாங்கத் தெரியவில்லை. தொடக்கப் பள்ளியிலேயே சரிசெய்திருக்க வேண்டிய பிழை. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அரையாண்டுக்குப் பிறகு அவன் வரவில்லை.

நிறுத்திவைக்காத வகுப்புகளிலாவது ஒழுங்காக இருந்தேனா என்றால், அதுவும் இல்லை. முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண். பிள்ளை எங்கே இடறுகிறான் என்று அவ்வப்போது கண்டுபிடிப்பதற்கானது அது. நான் பருவக் கடைசியில் ஒரே மூச்சில் 36, 37, 38 என்று பதிவேட்டை நிரப்பினேன்.

5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்தபோது ஆசிரியர் அறையில் மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 2020 பிப்ரவரியில் அது ரத்தானதும், "இனிப் பசங்களுக்குப் பயமே இருக்காது" என்று அலுத்துக்கொண்டேன். உண்மையில் யாருக்கும் பயப்படத் தேவையில்லாமல் இருந்தவன் நான்தான்.

5, 8இல் தோற்றவர்களை நிறுத்திவைக்கலாம் என்று ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியது, தமிழ்நாடு ஏற்கவில்லை. நிறுத்தப்பட்ட பிள்ளையின் கற்றல் குறையைக் கண்டறிந்து வகுப்பாசிரியர் தனியாகச் சொல்லித்தர வேண்டும் என்று அந்த விதியிலேயே இருக்கிறது. அதை ஆண்டு முழுக்கச் செய்கிற ஆசிரியருக்குப் பிள்ளையை நிறுத்திவைக்கும் அவசியம் பெரும்பாலும் வராது. என்னைப் போன்றவர் கையில் அந்த அதிகாரத்தைக் கொடுத்தால், எங்கள் சோம்பலுக்கான தண்டனையையும் பிள்ளைதான் அனுபவிப்பான்.