கிளாலிக்குப் பிறகு ஒரு படகு

ஸ்காபரோவில் பிள்ளை வளர்க்கிற எங்களில் எத்தனை பேர் ஒன்ராறியோ ஏரிக்குள் இறங்கியிருக்கிறோம்? கரைக்குப் போவோம், பார்பிக்யூ போடுவோம், பிளஃபர்ஸ் பார்க்கில் அந்த மண்மலைக்கு முன்னால் நின்று படம் எடுப்போம். சாமத்தியவீட்டு அல்பங்களில் பாதி அங்கே எடுத்ததுதான். அந்த மலையைத் தண்ணிப் பக்கமிருந்து பார்த்தவர்கள் குறைவு.

போன ஓகஸ்ட்டில் எனக்கு அது வாய்த்தது. என்னோடு வேலை செய்கிற ஒருவர் மோட்டார் படகுக் கழகம் ஒன்றில் உறுப்பினர். வருசத்தில் ஒரு வார இறுதியில் ஏழெட்டுப் படகுகள் ஒன்றாகப் பிளஃபர்ஸ் பார்க்கில் வெளிக்கிட்டு, கரையோரமாகக் கிழக்கே விற்பி வரை போய், ஒரு இரவு தங்கித் திரும்பும். குடும்பத்தோடு வரச் சொன்னார். எட்டு வயது மகள் துள்ளினாள். மனைவிக்கு வேலை. அப்பாவைக் கேட்டேன்.

"போட்டிலயோ? எத்தினை பேர் ஏறுறது?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் 1992 இருக்கிறது. ஆனையிறவும் சங்குப்பிட்டியும் மூடிக்கிடந்த காலம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்கவேண்டும். எனக்கு மூன்று வயது. அழுதால் நேவிக்குக் கேட்கும் என்று இருமல் மருந்து பருக்கி என்னை நித்திரையாக்கினார்களாம். அதற்குப் பிறகு அப்பா எந்தப் படகிலும் ஏறவில்லை. எங்கள் பெரியவர்களுக்குப் படகு என்றால் உல்லாசம் நினைவுக்கு வராது. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேர், 2010இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேர், இதெல்லாம்தான் வரும். பேத்தி கெஞ்சியிராவிட்டால் அவர் வந்திருக்கமாட்டார்.

ஏறுவதற்கு முன்னால் நண்பர் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டினார். பிள்ளையின் ஜாக்கெட்டை வயதைப் பார்த்து அல்ல, நிறையைப் பார்த்து எடுக்கவேண்டும். போட்டபிறகு தோளில் பிடித்து மேலே இழுக்கவேணும். காதுவரை ஏறினால் அது சரியான அளவில்லை. அப்பா அதை மகளுக்கு மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். பெற்றோல் எஞ்சின் என்பதால் அடியில் தேங்கின ஆவியை ஊதித்தள்ள நாலு நிமிசம் புளோவர் ஓடியது. அதையும் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினார்.

காற்று இறங்கும்வரை காத்திருந்து ஆறு மணிக்குத்தான் வெளிக்கிட்டோம். தண்ணியிலிருந்து பார்த்தால் அந்த மலை வேறு மலை. பதினைந்து கிலோமீற்றர் நீளம், சில இடங்களில் 90 மீற்றர் உயரம், பனியுகம் விட்டுப்போன களியும் மணலும் அடுக்கடுக்காக. 1793இல் எலிசபெத் சிம்கோவுக்கு இது இங்கிலாந்தின் ஸ்காபரோவை ஞாபகப்படுத்தியதால்தான் எங்கள் ஊருக்கு அந்தப் பெயர். இங்கே கரைந்த மணலை நீரோட்டம் மேற்கே கொண்டுபோய்க் குவித்து உண்டானதுதான் ரொறன்ரோ தீவுகள். 1858இல் ஒரு புயல் வெட்டிவிடும்வரை அது தீவே இல்லை, கரையோடு ஒட்டின நிலம். மகளுக்கு இது பெரிய புதினம். "அப்ப ஐலண்ட் எங்கட ஸ்காபரோ மண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

பிக்கரிங் அணுமின் நிலையம் தாண்டும்போது இருட்டத் தொடங்கியது. எல்லாப் படகிலும் விளக்குப் போட்டார்கள்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே வெள்ளை. முன்னால் போன படகு ரேடியோவில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தது.

"லைற் போட்டுக்கொண்டே போறவை?" என்றார் அப்பா.

போடாவிட்டால்தான் குற்றம் என்றேன். அவர் கனநேரம் பேசவில்லை. பிறகு, கேட்காமலே, கிளாலியில் பீடிகூடப் பற்றவைக்க விடவில்லை என்றார். ஒரு மோட்டார் வள்ளம் பின்னால் நாலைந்தைக் கட்டி இழுத்ததாம். நடுவில் கயிறு அறுந்து, திரும்பி வருவார்களோ என்று தெரியாமல் இருட்டில் மிதந்தார்களாம். முப்பது வருசத்தில் நான் கேள்விப்படாத கதை.

இனிப் பெற்றோருக்கு ஒன்று. ஓகஸ்ட்டிலும் இந்த ஏரியை நம்பக்கூடாது. மேற்குக் காற்று பலமாக அடித்தால் மேலுள்ள சூட்டுத் தண்ணி வெளியே தள்ளுப்பட்டு, அடியிலிருந்து குளிர்தண்ணி எழும்பும். நேற்றுக் குளித்த இடத்தில் இன்று மூச்சடைக்கும். அப்படித் தண்ணியில் விழுந்தால் முதல் ஒரு நிமிசம் மூச்சைச் சமாளிக்கத்தான் சரி. கைகால் பயன்படுவது பத்து நிமிசம் மட்டில்தான். எங்கள் பிள்ளைகள் பரதமும் கணக்கும் பத்து வருசம் படிப்பார்கள், நீச்சல் மட்டும் இரண்டாவது வகுப்போடு நின்றுவிடும். எனக்கு இது விளங்குவதே இல்லை. கனடிய உயிர்காப்புச் சங்கம் வைத்திருக்கிற அளவு சின்னதுதான்: ஆழத்தில் உருண்டு விழுந்து நிமிருவது, ஒரு நிமிசம் மிதந்து நிற்பது, 50 மீற்றர் நீந்துவது.

விற்பியில் இரவுச் சாப்பாட்டின்போது மகள் இந்த மூன்றும் தனக்கு ஏலும் என்று தாத்தாவுக்குச் சொன்னாள். "உங்களுக்கு?" என்றாள்.

தீவுக்காரர் இல்லை அவர், நீந்தத் தெரியாது. இப்போது புதன்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக நிலையத்தில் பெரியவர்களுக்கான வகுப்புக்குப் போகிறார், எழுபது வயதில். மிதக்கிறார். முகத்தைத் தண்ணிக்குள் வைக்கச் சொன்னால் மட்டும் பயிற்றுவிக்கிற பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடுகிறாராம்.