ஒரு கையெழுத்தின் விலை

என் கையெழுத்துக்கு எந்தப் பத்திரிகையிலும் பெரிய விலை கிடைத்ததில்லை. ஒரே ஒரு முறைதான் அது மூவாயிரம் ரூபாய் பெற்றது. அந்த மூவாயிரத்தையும் கொடுத்தவன் நானேதான்.

அப்போது நான் ஓர் ஆபீசில் குமாஸ்தா. கூட வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் கடன் சங்கத்துப் பாரத்தோடு வந்தார். "சும்மா பெயருக்குத்தான் ஸார், ஒரு ஜாமீன் கையெழுத்து" என்றார். பேனாவையும் அவரே கொண்டுவந்திருந்தார். மாட்டேன் என்று சொல்ல முகதாட்சண்யம், போட்டுவிட்டேன். முதல் தவணை கட்டுவதற்கு முன்பே அவர் வேலையையும் விட்டார், ஊரையும் விட்டார்.

"வாங்கியவரை விட்டுவிட்டு என்னைப் பிடிக்கலாமா?" என்று ஒரு வக்கீலைக் கேட்டேன். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 128ஆவது பிரிவைக் காட்டினார். வேறுவிதமாக எழுதிக்கொண்டிருந்தாலொழிய, வாங்கியவருக்குள்ள பொறுப்பு அத்தனையும் ஜாமீன்தாரருக்கும் உண்டாம்.

மாதம் நூறு ரூபாயாக இரண்டரை வருஷம் சம்பளத்தில் பிடித்தார்கள்; வட்டி தனி. என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு லிட்டர் பாலை அரை லிட்டராக்கினாள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் கிறிஸ்தவ வாத்தியார் ஒருவர் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு பைபிளில் நீதிமொழிகளைப் பிரித்தார். பிறனுக்குப் பிணை நின்றவன் தன் வாய்ச்சொல்லாலேயே கண்ணியில் விழுந்தவன் என்கிறது 6ஆம் அதிகாரம். கண்ணை மூடாதே, இப்போதே ஓடிப்போய்க் கெஞ்சி, வேடன் கையில் சிக்கிய மானைப்போலத் தப்பித்துக்கொள் என்று விரட்டுகிறது. கொடுக்க வகையில்லாதவன் பிணை நின்றால் படுத்திருக்கும் படுக்கையும் போய்விடும் என்கிறது 22ஆம் அதிகாரம்.

"அந்தப் படுக்கையில் அவன் ஒருவன்தானா படுத்திருக்கிறான்?" என்றார் வாத்தியார்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் யாருக்குமே பிணை நிற்கக் கூடாதா, ஸார்?"

அவர் ஆதியாகமத்துக்குத் திருப்பினார். பஞ்ச காலம். தானியத்துக்காக எகிப்துக்குப் போக வேண்டும். கடைசிப் பிள்ளை பென்யமீனை அனுப்பக் கிழவர் யாக்கோபுக்கு மனமில்லை. அவனுக்கு நான் பிணை என்கிறான் அண்ணன் யூதா. அங்கே தம்பி அகப்பட்டுக்கொண்டபோது, அவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்னே வந்து நின்றான்.

யூதா பணயம் வைத்தது தன்னை. நான் வைத்தது என் குழந்தைகளின் பாலை. அதுவும் அன்பினால் அல்ல, 'இல்லை' என்று சொல்ல வெட்கப்பட்டு.

பிறகு இன்னொருவர் பாரத்தோடு வந்தார். உள்ளே போய் மனைவியைக் கேட்டேன். ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். "இதைத் திருப்பித் தர வேண்டாம், கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள்" என்றேன். அவருக்கு வருத்தந்தான். எனக்கும் வருத்தந்தான். ஆனால் அன்றிரவு தூங்கினேன்.