விடிந்த பிறகு?

மேல்நாட்டு மெல்லிசை என்றாலே கூச்சல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் 'வில் யூ லவ் மீ டுமாரோ' என்ற பாட்டை ஒரு தடவை கேட்க வேண்டும். 1960-ல் அமெரிக்காவில் 'ஷிரெல்ஸ்' என்ற நான்கு கறுப்பினப் பெண்கள் பாடியது. மறு ஜனவரியில் அந்நாட்டு இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

விஷயம் சின்னது. காதலன் பக்கத்தில் இருக்கிறான், பேச்சு இனிக்கிறது. பெண் மனசு மட்டும், விடிந்த பிறகு என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. காளிதாசனுடைய சகுந்தலை கேட்காமல் விட்டு அவதிப்பட்ட கேள்வி!

வேடிக்கை என்னவென்றால், வார்த்தைகளை எழுதியவர் ஜெர்ரி கோஃபின் என்ற ஆண்பிள்ளை. மெட்டுப் போட்டவர் அவருடைய மனைவி கரோல் கிங். அப்போது வயது 18. 'பெண் மனசு உமக்கு எப்படி ஐயா தெரியும்?' என்று மடக்கும் வாசகிகளுக்கு, என்னைப் போன்ற கதைக்காரர்கள் இந்தப் பாட்டையே சாட்சியாகக் காட்டிவிடலாம்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 1968-ல் தம்பதி பிரிந்தார்கள். 1971-ல் 'டேப்பஸ்ட்ரி' இசைத்தட்டில் கரோல் கிங் தாமே பியானோ வாசித்து, நிதானமாக, அதே பாட்டைப் பாடினார். முதல் தட்டில் அது பயந்த சிறுபெண்ணின் கேள்வி. இரண்டாவதில், பதிலைப் பார்த்துவிட்டவளின் கேள்வி. நடுவே போன அந்தப் பத்து வருஷத்தை எந்த ஆண்பிள்ளையும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.