கல்லும் எழுத்தும் காத்த மலைநாடு

உல்லாசப் பிரயாணம் என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழும் நாடுகள் சிலவே. மலை காண விரும்புவோர் சுவிற்சர்லாந்தை நாடுவர். அங்கு உறவினர் எவரேனும் இருப்பின் தங்குஞ் செலவு மிச்சம். கோயில் காண விரும்புவோர் தமிழகம் செல்வர். கடைத்தெரு காண விரும்புவோர்க்குத் துபாயும் சிங்கப்பூரும் இருக்கவே இருக்கின்றன. அந்தத் துபாயில் விமானம் மாறி, மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலாக வடக்கு நோக்கிப் பறந்தால் ஆர்மீனியா என்னும் சிறு நாட்டை அடையலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? அதன் பெயரைச் சொன்னதும், "அது எங்கே இருக்கிறது?" என்று வினவுவோரே மிகுதி. அங்ஙனம் வினவுவோர்க்காகவே இக்கட்டுரை.

கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் இடைப்பட்ட மலைப்பரப்பில், இரண்டு கடல்களில் ஒன்றையேனும் தொடாது கிடக்கிறது அந்நாடு. பரப்பு ஏறக்குறைய 11,500 சதுர மைல். இலங்கையின் பாதிகூட இல்லை. சனத்தொகை முப்பது இலட்சமளவில். வடக்கே ஜோர்ஜியா, தெற்கே ஈரான், மேற்கே துருக்கி, கிழக்கே அசர்பைஜான். நாட்டின் சராசரி உயரமே நமது நுவரெலியா நகரின் உயரத்துக்குச் சற்றுத்தான் குறைவு. பிதுருதலாகலையின் உயரம் 8,281 அடி என்று பாடசாலையில் மனனஞ் செய்த நமக்கு, அங்குள்ள அரகாட்ஸ் மலை 13,400 அடி என்று கேட்கும்போது சிறிது நாணமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேயிலைத் தோட்டங்களின் பசுமையை அங்கே எதிர்பார்த்துச் செல்லலாகாது. பெரும்பாலான மலைகள் மரமற்றவை. வசந்தத்தில் பூவும் புல்லும் போர்த்தி, கோடையில் பழுப்பேறி, மாரியில் வெண்பனி மூடி நிற்பவை. காடு காண விரும்புவோர் வடக்கே திலிஜான் பக்கம் போதல் வேண்டும்.

தலைநகரான யெரெவான் மிகப் பழைய பட்டினம். கிறிஸ்துவுக்கு முன் 782 ஆம் ஆண்டில் அர்கிஷ்தி என்னும் அரசன் இங்குக் கோட்டை கட்டியமையை ஆப்பெழுத்திற் பொறித்த கல் இன்றும் நூதனசாலையில் இருக்கிறது. எனினும் நகரின் தற்போதைய தோற்றம் சென்ற நூற்றாண்டினது. எரிமலைக் குழம்பிற் பிறந்த இளஞ்சிவப்புக் கல்லாற் கட்டப்பட்ட மாளிகைகள் மாலை வெயிலில் ஒளிரும் காட்சி அழகியதே. ஆயினும் எம்மை அதனினும் கவர்ந்தவை தெருவோரங்களில் ஓயாது நீர் சுரக்கும் சிறு கற்றூண்கள். "புல்புலாக்" என்பது அவற்றின் பெயர். யாரும் குனிந்து குடிக்கலாம். காசு இல்லை, குவளை இல்லை. இறந்தோர் நினைவாக உறவினர் அமைத்தவை அவற்றுட் பல. தண்ணீர்ப்பந்தல் அறத்தை அறிந்த நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

வானம் தெளிந்த காலைகளில் நகரின் தெற்கே, வீட்டுக் கூரைகளுக்கு மேலே, பனி தரித்த இரு சிகரங்கள் தோன்றும். அதுவே அரராத்து மலை. உயரம் 16,854 அடி. நோவாவின் பேழை தங்கிய மலை எனக் கிறிஸ்தவ உலகம் போற்றுவது. ஆர்மீனியரின் அரச இலச்சினையிலும் அதுவே. பிள்ளைகளின் சித்திரங்களிலும் அதுவே. ஆனால் அம்மலை ஆர்மீனியாவில் இல்லை! 1921 இல் செய்யப்பட்ட உடன்படிக்கைகளின் வழி எல்லை வகுக்கப்பட்டபோது அது துருக்கிக்குள் அமைந்தது. தம் நாட்டிலுள்ள மலையை ஆர்மீனியர் இலச்சினையிற் பொறிக்கலாமோ என்று துருக்கியர் முன்னொருகால் ஆட்சேபித்தனராம், "உங்கள் கொடியிற் பிறை இருக்கிறதே, சந்திரன் உங்களுடையதோ?" என்று மறுமொழி கிடைத்ததாம். நடந்ததோ, புனைந்ததோ, அந்நாட்டில் இக்கதை நன்கு வழங்குகிறது. 1993 இல் துருக்கி தன் எல்லையை மூடியபின், கண்ணெதிரே நிற்கும் அம்மலையின் அடிவாரத்தை அடைய ஆர்மீனியர் ஜோர்ஜியா வழியே சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று.

அம்மலையை மிக அணுக்கமாகக் காண்பதற்கு உகந்த இடம் கோர் விராப் மடம். கிரகோரி முனிவரை அரசன் திரிதாத்து ஆழ்குழி ஒன்றில் பதின்மூன்று ஆண்டுகள் அடைத்து வைத்தான் என்றும், பின்னர் தன் நோயை அவரே தீர்த்தமையால் ஞானஸ்நானம் பெற்றான் என்றும் மரபு கூறும். 301 ஆம் ஆண்டில் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்ற முதல் நாடு தமதே என்பது ஆர்மீனியரின் பெருமை. அக்குழிக்குள் செங்குத்தான இரும்பேணி வழியாக இன்றும் இறங்கலாம். உடல் பருத்தோரும் மூச்சிரைப்பு உடையோரும் மேலே நின்று மலையைப் பார்ப்பதே நலம்.

ஒரு நாட்டுக்குச் செல்வோர் முதலில் அதன் அரண்மனையைக் காண்பது வழக்கம். ஆர்மீனியாவில் முதலிற் காணத்தக்கது ஒரு சுவடிச்சாலை. யெரெவானின் மேட்டுத்தெரு முடிவில் கோட்டைபோல் நிற்கும் "மாத்தெனதரான்" என்னும் அக்கட்டடத்தின் முன்னே, மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்பாரின் சிலை அமர்ந்திருக்கிறது. 405 ஆம் ஆண்டளவில் ஆர்மீனிய மொழிக்கு 36 எழுத்துக்களை வகுத்தளித்தவர் அவர். பிற்காலத்தில் மூன்று சேர்ந்து இன்று 39. பாரசீகரும் உரோமரும் நாட்டைப் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. அரசு ஆட்டங்கண்டவேளை அவ்வினத்தார் எழுத்தைப் பற்றிக்கொண்டனர். அரகாட்ஸ் மலைச்சாரலில் ஒவ்வோர் எழுத்தையும் ஆளுயரக் கல்லிற் செதுக்கி வயல்வெளியில் நிறுத்தியிருக்கின்றனர். பிள்ளைகள் தத்தம் பெயரின் முதலெழுத்தைத் தேடி ஓடுவதைக் காண்பது தனி இன்பம்.

சுவடிச்சாலையினுள்ளே பல்லாயிரம் ஏடுகள். மிகச் சிறியது 19 கிராம் நிறை. மிகப் பெரியது முஷ் நகரத்து மடத்தில் இருந்த பிரசங்கத் திரட்டு. 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோலில் எழுதப்பட்டது. நிறை ஏறக்குறைய 28 கிலோ, அதாவது அறுபது இறாத்தலுக்கும் மேல். 1915 இல் ஒட்டோமன் ஆட்சியில் ஆர்மீனியர் வேரோடு அழிக்கப்பட்டபோது, எரிந்த மடத்தில் அந்நூலைக் கண்ட பெண்கள் இருவர் அதனை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாகச் சுமந்து மலைகளைக் கடந்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. ஒருத்தி தன் பாதியோடு எச்மியாத்சின் பேராலயத்தை அடைந்தாள். மற்றவள் வழியில் மாண்டாள். சாகுமுன் தன் பாதியை எர்சுரும் நகரத்து மடமொன்றின் முற்றத்திற் புதைத்து வைத்தாள். பின்னர் அதுவும் கண்டெடுக்கப்பட்டு, இரு பாதிகளும் ஒன்றாயின. தம் குழந்தைகளையும் காக்க முடியாத நாளில் ஒரு நூலைச் சுமந்தனர்! 1981 இல் யாழ்ப்பாண நூல்நிலையம் ஏடுகளோடு எரிந்தமையை அறிந்த நாம், அந்தக் கண்ணாடிப் பேழையின் முன்னே நெடுநேரம் நின்றோம்.

எழுத்துக்கு அடுத்தபடியாக அவர்கள் நம்பியது கல். கெகார்து மடத்தின் உட்கோயில்கள் மலைப்பாறையைக் குடைந்து அமைத்தவை. மாமல்லபுரம் கண்டோர்க்குக் குடைவரை புதிதன்று. எனினும் கூரையிலுள்ள ஒற்றைத் துவாரத்தின் வழி வீழும் ஒளியில் அங்கே ஒருவர் பாடக் கேட்டால், கல்லே பாடுவதாகத் தோன்றும். அதற்கு அணித்தாகவுள்ள கார்னி என்னும் பழங்கோயில் 1679 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் விழுந்து, 1975 இல் மீண்டும் எழுந்தது. அழகியதே; ஆயினும் கிரேக்க நாட்டுக் கோயில்களைக் கண்டவர் அதற்கெனத் தனியே நாள் ஒதுக்க வேண்டியதில்லை.

நாள் ஒதுக்க வேண்டியது சேவான் ஏரிக்கு. 6,200 அடி உயரத்தில், யாழ்ப்பாண மாவட்டத்தினும் பரந்த நீர்வெளி; கடலில்லாத அந்நாட்டார்க்கு அதுவே கடல். 874 இல் எழுந்த மடமொன்று ஏரிநடுத் தீவில் இருந்தது. சோவியத் ஆட்சிக் காலத்தில், நீர்ப்பாய்ச்சலுக்கும் மின்சாரத்துக்குமென ஏரியை வடித்தார்கள். நீர்மட்டம் அறுபது அடிக்கு மேல் தாழ்ந்தது. தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. ஏரி அழியப் போவதை உணர்ந்தபின், மலையைத் துளைத்து முப்பது மைல் நீளச் சுரங்கம் அமைத்து அர்ப்பா ஆற்றின் நீரை அதற்குள் விட்டனர். படகேறிச் சென்ற மடத்துக்கு இன்று நடந்தே செல்லலாம்.

ஏரியின் மேற்குக் கரையில் நொராதுஸ் என்னும் ஊர். அதன் இடுகாட்டில் நூற்றுக்கணக்கான சிலுவைக் கற்கள் நிற்கின்றன. கோலம்போல் பின்னிப் பிணைந்த செதுக்கு வேலை. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. தைமூரின் படை வந்தபோது ஊரார் இக்கற்களுக்குத் தலைக்கவசம் அணிவித்து வாள்களைச் சாத்தி வைக்க, பெருஞ்சேனை நிற்பதாக எண்ணிப் பகைவர் திரும்பினர் என்பது ஊர்க்கதை. அங்கிருந்து தெற்கே செல்லும் கணவாயில் 1332 இல் கட்டிய வணிகர் சத்திரம் கூரையோடு நிற்கிறது. அதனையுந் தாண்டிச் சென்றால், வொரொத்தான் ஆற்றின் பாதாளப் பள்ளத்தாக்கின் விளிம்பில், 9 ஆம் நூற்றாண்டில் தோன்றிய தாதேவ் மடம். 2010 முதல் கம்பிவடத்தில் ஓடும் கூண்டில் ஏறி, மூன்றரை மைல் தூரத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் வான்வழியே கடக்கலாம். கீழே நோக்கத் துணிவோர்க்கு அது மறக்க முடியாத காட்சி. துணியாதோர் கண்களை மூடிக்கொண்டாலும் கூண்டு போய்ச் சேர்ந்துவிடும்.

இன்பம் நாடிச் செல்வோரிடம் துயரத்தை ஏன் கூறுகிறீர் என்று சிலர் கேட்கலாம். அந்நாட்டில் இரண்டையும் பிரித்தல் இயலாது. 1915 இல் தொடங்கிய படுகொலையில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. யெரெவான் குன்றொன்றின்மேல் 1967 இல் எழுந்த நினைவாலயத்தில், உள்நோக்கிச் சாய்ந்த பன்னிரு கற்பலகைகளின் நடுவே அணையாத் தீ எரிகிறது. 1988 டிசெம்பரில் வடக்கே நிலநடுக்கம் ஏறத்தாழ இருபத்தையாயிரம் பேரைப் பலிகொண்டது. 2023 செப்டெம்பரில், ஒரு வாரத்துக்குள், கரபாக் மலைப் பகுதியிலிருந்து நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசல்களை விட்டு இந்நாட்டுக்குள் வந்து சேர்ந்தனர். அவர்கள் ஊர் உணவாகிய, பலவகைக் கீரைகளை உள்ளே வைத்து மடித்துச் சுட்ட ரொட்டியை யெரெவான் சந்தையில் வாங்கி உண்ணலாம். ஊரை இழந்தோர் கையோடு கொண்டுவரக்கூடியது கைப்பக்குவம் ஒன்றே என்பது நம்மவர்க்குத் தெரியாததன்று. உலகிலுள்ள ஆர்மீனியரிற் பெரும்பாலோர் தாய்நாட்டுக்கு வெளியே வாழ்வதும் நமக்குப் புதிய செய்தியாகாது.

இத்துணைத் துயருற்ற மக்கள் சிடுசிடுப்பர் என்று எண்ணினால், அஃது தவறு. கிராமத்தில் வழி கேட்டால் கோப்பி தருவர். கோப்பி குடித்தால் பழம் வைப்பர். பழம் உண்டால் மதிய உணவுக்கு இருக்கச் சொல்வர். நிலத்திற் புதைத்த மண்ணடுப்பின் உட்சுவரில் அறைந்து சுடும் லவாஷ் என்னும் மெல்லிய ரொட்டி மாதக்கணக்கில் கெடாது. காய்ந்ததை நீர் தெளித்து மீண்டும் மென்மையாக்குவர். தயிரை நீரும் உப்பும் சேர்த்துக் கடைந்த பானமொன்று உண்டு. அதன் பெயர் "தான்". சுவைத்துப் பார்த்தால் நமது மோர்தான்! மரக்கறி உண்போர் பட்டினி கிடக்க நேராது. கீரை, கத்தரிக்காய், பாற்கட்டி, பருப்பு யாவும் தாராளம்.

மே, ஜூன் மாதங்களும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களும் செல்வதற்கு ஏற்றவை. ஜூன் இறுதியிற் போனால் அப்ரிகொட் பழம் மரத்திலேயே கனிந்திருக்கும். தாவரவியலார் அதற்கு ஆர்மீனியாவின் பெயரையே சூட்டியிருக்கின்றனர். மாரியில் உயர்ந்த கணவாய்கள் பனியால் மூடப்படும். ஊர்களுக்கிடையே சிறு பஸ்கள் ஓடுகின்றன. நெருக்கியடித்து உட்கார நம்மவர்க்குப் பயிற்சி வேண்டுவதில்லை. முதியோர் ருஷ்ய மொழியும் இளைஞர் ஆங்கிலமும் பேசுவர். எல்லைப்புற ஊர்களின் நிலைமையைப் புறப்படுமுன் விசாரித்தறிதல் அவசியம்.

இப்போதைக்கு அவ்வளவு தூரம் செல்ல வசதியில்லை என்போர் சென்னைக்குப் போகும்போது, ஜோர்ஜ் டவுன் பகுதியிலுள்ள ஆர்மீனியன் தெருவைச் சென்று பார்க்கலாம். அப்பெயர் நாவில் திரிந்து தமிழில் "அரண்மனைக்காரன் தெரு" ஆயிற்று. பாரசீகத்தினின்று வந்த ஆர்மீனிய வணிகர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் உஸ்கான் என்பவர் 1726 இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டினார். அவ்விடத்தில் இன்று நிற்பது மறைமலையடிகள் பாலம். பரங்கிமலைப் படிகளும் அவர் அமைத்தவையே. 1794 இல் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்னும் குருவானவர் சென்னையில் அச்சிட்ட "அஸ்தரார்", உலகிலேயே முதன்முதல் வெளிவந்த ஆர்மீனியப் பத்திரிகை. 1772 இல் எழுந்த அவர்தம் தேவாலயத்தில் அக்குருவின் கல்லறை இருக்கிறது. சென்னையில் ஆர்மீனியர் அநேகமாக எவரும் இன்று இல்லை. எனினும் ஞாயிறுதோறும் காலையில் அத்தேவாலயத்தின் மணிகளை ஒலிக்கச் செய்கின்றனர்.